கஸ்தூரி கடை நோட்டு

செங்கம் ரோட்டில் என் தையல் கடைக்கும் கஸ்தூரியின் ரீசார்ஜ் கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். பதினோரு வருடமாக அந்தச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து வரும் குரலைக் கேட்டுக்கொண்டேதான் மிஷின் மிதிக்கிறேன். சிம் கார்டு, ரீசார்ஜ், ஜெராக்ஸ், இவ்வளவுதான் அவள் வியாபாரம். ஆனால் போட்ட ரீசார்ஜ் போய்ச் சேராவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டால், இந்த ஊரில் மென்று முழுங்காமல் பதில் சொல்பவள் அவள் ஒருத்திதான்.

மற்ற இடங்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்குப் போன் போட்டால் கடையைக் கேள் என்பார்கள். கடையில் கேட்டால் சர்வர் டவுன் என்பார்கள். சர்வரை யார் போய்க் கேட்பது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். கஸ்தூரி அந்த ரகம் இல்லை. கடை முகப்பில் சிவப்புப் பெயின்டில் இரண்டே வரி எழுதி மாட்டியிருந்தாள்: 'நம்பர் உங்கள் பொறுப்பு. ரீசார்ஜ் என் பொறுப்பு.'

அதற்கு அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. யார் வந்தாலும் தங்கள் நம்பரைத் தங்கள் கையாலேயே அதில் எழுத வேண்டும். போனுக்கு மெசேஜ் வரும்வரை கடையை விட்டு நகரக் கூடாது. எழுதிய நம்பருக்கு ரீசார்ஜ் ஏறாவிட்டால், "காசு என் கைலதானே குடுத்தீங்க? நான் பாத்துக்கறேன்" என்று கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாள். எழுதியதே தப்பென்றால் நோட்டைத் திருப்பிக் காட்டுவாள். ஒரு லாட்ஜ் மேனேஜர் தெருவே கூடும்படி கத்திவிட்டு, தன் கையெழுத்தைப் பார்த்ததும் பெட்டிப்பாம்பாக அடங்கிப் போனதை நானே பார்த்தேன். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். அளவை நான் எடுத்தால் தப்பு என்னுடையது, பழைய சட்டையை அளவுக்குக் கொடுத்தால் தப்பு உங்களுடையது என்பதுதானே என் தொழிலும்.

போன மாசிப் பௌர்ணமி அன்றைக்குத்தான் அந்த நோட்டு அவள் பக்கமே திரும்பியது.

பௌர்ணமி என்றால் அவள் கடையில் நிற்க இடமிருக்காது. வெளியூரிலிருந்து கிரிவலம் வந்தவர்கள் சார்ஜருக்கும் ரீசார்ஜுக்கும் காலையிலேயே மொய்ப்பார்கள். எட்டு மணிக்கு அந்தக் கூட்டத்துக்குள் பலராமன் வந்தான். வேங்கிக்காலில் குடியிருக்கும் டிரைவர். முதலாளி வண்டியை விற்றுவிட்டதால் நாலு மாதமாக வேலை இல்லை. ஆசிரமத்துப் பக்கம் டிராவல்ஸ் நடத்தும் ராஜமாணிக்கம் ஒரு நிரந்தர டிரைவர் தேடிக்கொண்டிருந்தார். லைசன்ஸையும் ஆதாரையும் போட்டோ எடுத்துப் பத்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார். பலராமன் போனில் பேலன்ஸ் முடிந்து நெட் நின்றிருந்தது. அதுவரை பக்கத்துத் தெருவில் ஒருத்தர் காரைக் கழுவிக்கொண்டிருந்தவன் அப்படியே ஓடி வந்திருந்தான்.

"கை ஈரமா இருக்குதுக்கா. நோட்டு கெட்டுடும்."

"சொல்லுங்க தம்பி, நானே எழுதிக்கறேன்."

எழுதினாள். போட்டாள். அவள் போனில் 'வெற்றி' என்று பச்சையாக வந்துவிட்டது. அவன் போனுக்கு மெசேஜ் வரவில்லை.

"பௌர்ணமி, டவர் ஜாம். பத்து நிமிஷத்துல வந்துடும், கிளம்புங்க."

வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். அப்போது அவள் முன்னால் இருபது பேர்.

"அக்கா, இன்னும் ஏறலக்கா. டிராவல்ஸ் ராஜமாணிக்கம் சாருக்குப் பத்து மணிக்குள்ள லைசன்ஸ் போட்டோ அனுப்பணும்."

"என் பக்கம் போயிடுச்சு தம்பி. நீங்க நம்பரை மாத்தி எழுதியிருப்பீங்க. நோட்டு பொய் சொல்லாது." அவள் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. பின்னால் நின்ற ஒருவர், "நம்பரைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாதா?" என்று சேர்ந்துகொண்டார். பலராமனும் தன்மேல்தான் தப்பு என்று நம்பிவிட்டான். "அப்படித்தான் ஆயிருக்கும்" என்று முனகிக்கொண்டு, மறுபடி போடக் கையில் காசில்லாமல் தலைகுனிந்து போனான். சுவருக்கு இந்தப்பக்கம் நான் ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். கஸ்தூரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பதினொன்றரைக்குக் கூட்டம் கொஞ்சம் கம்மியானது. திடீரென்று அந்தப்பக்கம் குரலே இல்லை. பதினோரு வருடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். கஸ்தூரி நோட்டில் இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றிப் புரட்டிக்கொண்டிருந்தாள். போன மாதத்துப் பக்கத்தில் பலராமன் தன் கையால் எழுதிய நம்பர் 83 என்று முடிந்தது. இன்றைய பக்கத்தில் 38. எழுத்து அவளுடையது.

"ஈரக் கைனு நான்தாண்ணா எழுதினேன். அதை மறந்துட்டு அந்த மனுஷனை இத்தனை பேர் முன்னாடி..." இரண்டு நம்பரையும் விரலால் தொட்டுக் காட்டினாள்.

"சரி விடு. அவன்தான் தன் தப்புன்னு போயிட்டானே" என்றேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவள் என்னை முறைத்தாள். "அதனாலதாண்ணா நான் போய்ச் சொல்லணும்."

முதலில் சரியான நம்பருக்கு ரீசார்ஜ் போட்டு, பலராமனைக் கூப்பிட்டாள். "தம்பி, தப்பு என்னுது. போட்டோ அனுப்பிட்டீங்களா?"

"மணி பத்து தாண்டிடுச்சேக்கா. இனிமே எதுக்கு? உங்க கடைல போட்டா வந்துடும்னு நம்பி வீட்லயே உக்காந்துட்டேன். இல்லாட்டி யார் போனாச்சும் வாங்கியிருப்பேன்."

அந்த நம்பிக்கைதான் அவளை அதிகமாகச் சுட்டது. "டிராவல்ஸ் ஆபீஸுக்கு வாங்க. நான் நடந்து வரேன்" என்று நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஷட்டரை இழுத்தாள். பௌர்ணமியன்று அவள் கடைக்குப் பூட்டு! எதிர்க்கடைக்காரர்கள் சாவு ஏதாவதா என்று என்னைக் கேட்டார்கள். ரோட்டில் ஆட்டோவை விடவில்லை. மலை சுற்றப் போகிற கூட்டத்தோடு அவளும் நடந்தாள். நானும் கத்திரியை வைத்துவிட்டுப் பின்னால் போனேன்.

ராஜமாணிக்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "நேரத்துக்கு ஒரு போட்டோ அனுப்பாதவரு, ஏர்போர்ட்டுக்கு நேரத்துக்கு வண்டி ஓட்டுவாரா? வேற ஒருத்தரை சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லிட்டேன்மா."

கஸ்தூரி நோட்டை அவர் மேசையில் விரித்தாள். "இது அவர் எழுத்து. இது என் எழுத்து. மாத்தி எழுதினது நான். மெசேஜ் வர்றதுக்குள்ள அனுப்பினது நான். திரும்பி வந்தவரைத் திட்டி அனுப்பினதும் நான். இதுல அவர் செஞ்ச தப்பு ஒண்ணு காட்டுங்க, நான் போயிடறேன்."

"இவரு உங்களுக்குச் சொந்தமா?"

"கஸ்டமர் சார்."

"பௌர்ணமி அன்னிக்குக் கடைய மூடிட்டா வந்தீங்க?"

"தொறந்து வெச்சிருந்தா இன்னொருத்தரையும் இப்படித்தான் அனுப்பியிருப்பேன்."

ராஜமாணிக்கம் நோட்டில் இரண்டு எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வாசலில் வியர்வையில் நனைந்த சட்டையோடு நின்ற பலராமனைக் கூப்பிட்டு லைசன்ஸை வாங்கிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல நாலரைக்கு பெங்களூர் ஏர்போர்ட் ட்ரிப் ஒண்ணு இருக்குது. அதை நீ ஓட்டு. நாலு மணிக்கு வர்றவருக்கு மறுநாள் ட்ரிப். யாரு ஓட்டறது நல்லாருக்குதோ அவருக்கு வேலை" என்றார். அவன் மறுநாள் நாலு மணிக்கே ஷெட்டில் நின்றானாம். வேலை அவனுக்குத்தான் கிடைத்தது.

அன்று சாயங்காலம் கஸ்தூரி பலகையைக் கழற்றி முதல் வரியின்மேல் வெள்ளையடித்தாள். 'ரீசார்ஜ் என் பொறுப்பு' மட்டும் மிச்சமிருந்தது.

"இனிமே ஊரே வந்து நம்பர் தப்புன்னு சண்டை போடுமே, தாங்குவியா?" என்று சீண்டினேன்.

"போடட்டும்ணா. எனக்கு மட்டும் வாய் இல்லியா?"

அடுத்த மாதம் பலராமன் வந்தான். டிராவல்ஸ் பெயர் போட்ட சட்டை, காய்ந்த கை. கஸ்தூரி நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நீங்களே எழுதுங்கக்கா."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியதை மறைக்க நோட்டின்மேல் குனிந்து, ஒவ்வோர் எண்ணாக உரக்கச் சொல்லிச் சொல்லி எழுதினாள். எட்டு, மூணு என்று முடிக்கும்போது சுவருக்கு இந்தப்பக்கம் எனக்கே கேட்டது. பிறகு மெசேஜ் வரும்வரை இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.