ஸ்டெல்லாவுக்கு வந்த கடிதம்

என் தங்கை ஸ்டெல்லா அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை எங்கேயும் இறங்காமல் சைக்கிள் மிதித்து ஏறுவாள். மாவட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தபின், தேசியப் பெண்கள் சாலைப் பந்தயத்துக்குத் தன்னையும் அழைப்பார்கள் என்று காத்திருந்தாள்.

நான் நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். தபாலெல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். அவளைத் தேர்ந்தெடுத்த கடிதமும் வந்தது. அந்த வாரம்தான் அவளுக்கு நல்ல வரன் ஒன்று அமைந்திருந்தது. "பந்தயமெல்லாம் இனி வேண்டாமுங்க" என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள். யாருக்கும் காட்டாமல் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன்.

"ஏனுங்ணா, கடுதாசி வந்துச்சுங்களா?" என்று தினமும் கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றேன்.

எட்டு வருடம் கழித்து, குப்பனூரில் அவள் புகுந்த வீட்டுக்குப் போயிருந்தேன். பிரான்சில் பெண்கள் மலையேறி சைக்கிள் ஓட்டும் பெரிய பந்தயத்தை டிவியில் காட்டினார்கள். அரிசி களைந்த ஈரக்கையோடு ஓடிவந்து, முடியும்வரை நின்றபடியே பார்த்தாள்.

"நாந்தான் நொம்ப ஆசப்பட்டுட்டேனுங்ணா. அவ்வளவு தெறமை எனக்கிருந்தா கூப்பிட்டிருப்பாங்கல்ல?" என்று சிரித்தாள்.

 நான் எழுந்து டிவியை அணைத்தேன்.

பந்தயம் போனதை அவள் தாங்கிக்கொண்டாள். தனக்குத் திறமையே இல்லை என்று இன்றும் நம்புகிறாள். உங்களிடம் சொல்லிவிட்டேன்; அவளிடம் சொல்ல இன்னும் துணிவு வரவில்லை.