சுத்தமான நாட்களின் கணக்கு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழு வருடமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறாள். அவள் மடித்தால் நான்கு மூலையும் பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். அந்தக் கீழ்த்தளத்தில் நாள் முழுக்க நீராவியும் இரைச்சலும்தான். எதைச் சொல்வதென்றாலும் கத்த வேண்டும். அதனால் அங்கே ரகசியம் எதுவும் தங்காது. மடிப்பக்காவிடம் மட்டும் ஒன்று ஐந்து மாதமாகத் தங்கியிருந்தது.

அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. மாதவிடாய் அவளுக்கு எப்போதும் ஐந்து நாள். ஆறாம் நாள் காலையில் மறந்தே போய்விடும். ஒரு மாதம் ஆறு நாளானது. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் ஒன்பது நாள். அப்போதுதான் இறந்துபோன அக்காவின் குரல் காதில் கேட்டது: "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை வருதுடி."

அக்கா அப்படிச் சொன்னபோது, நிற்கப் போகிற வயது, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். மடிப்பக்காவும்தான் சொன்னாள். கடைசியில் மருத்துவரிடம் போனபோது கர்ப்பப்பைப் புற்றுநோய் முற்றியிருந்தது. அதன்பிறகு அக்கா இருந்தது எட்டு மாதம்.

சலவைக்கூடத்தில் எந்தத் துணிக்கும் கணக்கு, அது சுத்தமாகி வெளியே வந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு துணிக்கட்டிலும் அந்தத் தேதி எழுதிய சீட்டு தொங்கும். அழுக்காக இருந்த நாட்களை யாரும் எண்ணுவதில்லை. மடிப்பக்காவின் கை அதே பழக்கத்தில் போனது. தன் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில், துணிக்குக் குறியிடும் பென்சிலால், ரத்தம் தொடங்கும் நாளில் ஒரு வட்டம், நின்ற நாளில் ஒரு கோடு. முந்தைய மாதங்களையும் நினைவிலிருந்து குறித்துவிட்டு, கோட்டிலிருந்து அடுத்த வட்டம் வரை எத்தனை சுத்தமான நாள் என்று எண்ணினாள்.

இருபத்து மூன்று. இருபத்திரண்டு. பத்தொன்பது. பதினாறு.

படி இறங்குவதுபோல இருந்தது. ஐந்தாவது முறை பதினான்காம் நாளே வந்துவிட்டது. அக்கா சொன்னதைவிட ஒரு நாள் குறைவு.

ரத்தம் நிற்காமல் நீள்வதை அவள் கவனிக்காமல் இல்லை. அடிக்கடி வருவதால்தான் இத்தனை நாள் இழுக்கிறது என்று தனக்குத்தானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டாள். கறை அவளுக்குப் பழகிய சமாச்சாரம். பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தால் போய்விடும், சுடுதண்ணீர் பட்டால்தான் தங்கிவிடும். விடிந்ததும் குளியலறையில் வாளியோடு உட்கார்ந்துவிடுவாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வெளியே நின்று கதவைத் தட்டுவார். "வேலையிலயும் துணி, வீட்டுலயும் துணி. அடுத்த பிறவியில நீ சோப்பாத்தான் பொறக்கப் போற, பாரு."

"பொறந்தா உங்க சட்டைக்கு மட்டும் நுரை வராது, போங்க," என்பாள் உள்ளேயிருந்து. சொல்லிக்கொண்டே சிவந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வாளியை மறுபடி நிரப்புவாள்.

ஒருநாள் காலை விரிப்பை உதறியபோது கண் இருட்டியது. மேசையைப் பிடித்துக்கொண்டாள். எதிரே நின்று மறுமுனையைப் பிடிப்பவளுக்கு நெட்டை என்று பட்டப்பெயர். வாயும் உயரத்துக்குக் குறையாது.

"என்னக்கா, மேசையைக் கட்டிப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க? அது எங்கயும் ஓடிப் போகாது." சொல்லிவிட்டு அவள் உதட்டைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. தோளில் கைகொடுத்து உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போனாள். மாற்று உடை எடுக்க அலமாரியைத் திறந்தபோது கதவில் இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இது என்ன வட்டமும் கோடும்? யார் யாரு லீவு போடுறாங்கன்னு ஒற்று வேலை பாக்குறீங்களா?"

மடிப்பக்கா சொல்லிவிட்டாள். "பதினாலு நாளைக்கு ஒரு தடவை வருதுடி. எங்க அக்காவுக்கு வந்த மாதிரியே."

நெட்டை மாற்று உடையை அவள் கையில் கொடுத்தாள். "மூணாவது மாடியில பொம்பளை டாக்டர் இருக்காங்க. அவங்க போடுற வெள்ளைக் கோட்டை நீங்கதானே மடிக்கிறீங்க? அந்த உரிமையில போவோம், வாங்க."

"வேணாம்டி. போனா அதுக்கு ஒரு பேரு வச்சிடுவாங்க."

"பேரு வைக்கலைன்னா அது கோவிச்சுட்டுப் போயிடுமா?"

பதினேழு வருடத்தில் அந்தக் கட்டடத்தின் துணியெல்லாம் அவள் கைக்கு வந்திருக்கிறது. அவள் மேலே போனது அன்றுதான் முதல் தடவை.

நெட்டை அலமாரிக் கதவைக் கைபேசியில் படம் எடுத்து வந்திருந்தாள். மருத்துவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பேனாவால் ஒரு தாளில் எண்ணினார்.

"கணக்கு நின்ன நாள்லேருந்து இல்லம்மா. ரத்தம் பட்ட முதல் நாள்லேருந்து, அடுத்த தடவை பட்ட முதல் நாள் வரைக்கும் எண்ணணும். வட்டத்துலேருந்து வட்டம். பாருங்க, இருபத்தெட்டு. இதுவும் இருபத்தெட்டு. எல்லாமே இருபத்தெட்டுதான். இருபத்தொண்ணுக்கும் முப்பத்தஞ்சுக்கும் நடுவுல எத்தனை வந்தாலும் சரிதான். உங்களுக்கு வர்ற நாள் மாறவே இல்லை."

மடிப்பக்காவுக்கு மூச்சு வந்தது. நெட்டை அவள் தொடையில் தட்டினாள். மருத்துவர் மட்டும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"ஆனா வந்தது நிக்கலையே. ரெண்டு நாள்லேருந்து ஏழு நாள் வரைக்கும் இருக்கலாம். உங்களுக்கு அஞ்சு, ஆறு, ஒம்பது, பன்னெண்டு, போன தடவை பதினாலு. இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலை?"

"அது... துவைச்சா போயிடுதே," என்றாள் மடிப்பக்கா.

யாரும் சிரிக்கவில்லை. ஐந்து மாதமாக அவள் பயந்த எண் வேறு, பயந்திருக்க வேண்டிய எண் வேறு.

ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஒரு கட்டி தெரிந்தது. கொஞ்சம் சதை எடுத்து சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர பத்து நாள்.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். "கட்டிதானே? லிஃப்ட்ல மாட்டின ஆளை நாங்க எடுக்கலையா, அது மாதிரி பதமா எடுத்துடுவாங்க," என்றார். பிறகு எழுந்துபோய், நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கின் சுவிட்சைக் கழற்றிப் பழுது பார்த்தார்.

அந்தப் பத்து நாளும் அவள் மடித்த விரிப்புகளில் மூலை சேரவில்லை. நெட்டை யாருக்கும் தெரியாமல் பிரித்து மறுபடி மடித்தாள்.

பத்தாம் நாள் கணவரும் கூட வந்தார். மருத்துவர் அறைக்குள் வரமாட்டேன் என்று கதவுக்கு வெளியேயே நின்றுகொண்டார்.

"வெறும் நார்க்கட்டிம்மா. புற்றுநோய் இல்லை," என்றார் மருத்துவர்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"புற்றுநோய் இல்லை. ரத்தம் ரொம்பப் போனதால உடம்புல சத்து குறைஞ்சிருக்கு, அதுக்கு மாத்திரை தர்றேன். கட்டியை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

"அந்தச் சீட்டுல இருக்கிறது என் பேருதானா?"

மருத்துவர் தாளைத் திருப்பிக் காட்டினார். பெயரையும் வயதையும் இரண்டு முறை படித்தாள். அதன்பிறகுதான் அழுகை வந்தது. நிறுத்த முடியவில்லை. முகத்தைத் துடைத்தபடியே வெளியே வந்தாள்.

கணவர் அந்த முகத்தைப் பார்த்தார். முதுகைச் சுவரோடு தேய்த்துக்கொண்டே இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை மாசம்னு சொன்னாங்க?"

"ஐயோ, ஒண்ணுமில்லைங்க. எந்திரிங்க. சாதாரணக் கட்டியாம்."

"என்னைச் சமாதானப்படுத்தச் சொல்றே."

"நான் ஏங்க பொய் சொல்றேன்? உள்ளே போய் நீங்களே கேளுங்க."

அவர் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. தான் எதையாவது தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவளுக்குத் திக்கென்றது. அவர் என்ன முகத்தோடு வெளியே வருவாரோ என்று அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.