மாலை போட்ட வருஷத்துக் கோழிகள்

எங்கள் வீட்டுக் கோழிகளைப் பற்றி நான் நிறையப் பேசியிருக்கிறேன். வேலை பார்த்த ஐஸ் கம்பெனியில், டீக்கடையில், கடலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாதவரிடம்கூட. வளர்த்தது முழுக்க என் மனைவி. பேசியது முழுக்க நான். வேலையை இப்படிப் பிரித்துக்கொண்டுதான் நாங்கள் குடும்பம் நடத்தினோம்.

சுனாமிக்குப் பிறகு பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. பின்பக்கம் ஒரு தென்னங்கன்று, ஒரு துணிக்கொடி, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் மணல். அதைத் தோட்டம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். என் மனைவி மீன் காயவைக்கப் போய்ச் சேர்த்த கூலியில் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கிவந்து அங்கே விட்டாள். பருந்துக்கும் காய்ச்சலுக்கும் போனது போக ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் தேறின. சமையற்கட்டின் பின்சுவரை ஒட்டி, பலகையும் கம்பிவலையும் வைத்து அவற்றுக்கு ஒரு கூடு.

நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எனவே கோழிகளுக்கும் கணக்குப் பார்த்தேன். கம்பு, குருணை, தவிடு, ஓடு கெட்டியாக இருக்கக் கிளிஞ்சல் பொடி, மாட்டாஸ்பத்திரியில் போடும் சொட்டு மருந்து. கோடையில் ஏதோ நாலு காசு நிற்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் அதுவும் கிடையாது. குளிரில் கோழி தின்பது கூடும், முட்டை வைப்பது குறையும். விடிய நேரமாகிறது என்று அதற்கும் தெரிந்துவிடுமாம். அதற்காக அவள் விடிவதற்கு முன்பே எழுந்து கூட்டுக்குள் ஒரு குண்டு பல்பைப் போட்டு வைப்பாள். கோழி படிப்பதற்குக் கரண்ட் பில் கட்டுகிறவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான் என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பேன். பாதித் தெரு சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு முட்டையை நிறுத்திவிடும் கார்த்திகையும் இந்தக் குளிரில்தான் வரும். கார்த்திகையில் எங்கள் வீட்டு முட்டை ஒன்று, கடையில் வாங்கும் முட்டையைவிட இவ்வளவு அதிகம் என்று கணக்குப் போட்டு அவளிடமே காட்டியிருக்கிறேன். அவள் பார்த்துவிட்டு, "அதுல எங்கூலி எழுதலியே" என்றாள். பிறகு நான் காட்டவில்லை.

மழைக்காலத்தில் எனக்கென்று ஒரே ஒரு வேலை ஒதுக்கியிருந்தாள். சிதம்பரத்துக்கு இந்தப்பக்கம் உள்ள ரைஸ்மில்லில் உமி மூட்டை வாங்கி டிவிஎஸ் ஃபிப்டியில் கட்டிக்கொண்டு வருவது. கூட்டுக்குள் ஈரமான பழைய உமியை வாரிக் கொட்டிவிட்டுப் புதியதைப் பரப்புவது. வாடைக்காற்று வரும் பக்கம் சாக்குப் படுதா கட்டுவது. கேட்க மூன்று வேலை போல இருக்கும். எனக்கு அது ஒரே நாற்றம். ஈர உமியும் கோழி எச்சமும் சேர்ந்து ஊறிய வாசனை மூக்குக்குள் போனால் கடலூர் போய்ச் சேரும்வரை கூடவே டிக்கெட் எடுத்துக்கொண்டு வரும்.

மனைவியின் அண்ணன், என் மச்சான், பல வருஷம் மலைக்குப் போய்க் குருசாமி ஆனவர். ஒவ்வொரு கார்த்திகைக்கும் என்னைக் கூப்பிடுவார். நானும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் அடுத்த வருஷம் என்பேன். அந்த வருஷம், உமி மாற்ற வேண்டிய வாரத்தில், எனக்குத் திடீரென்று பக்தி வந்தது. வந்த நேரத்தைப் பாருங்கள்.

தை மகரஜோதிக்கு மலை ஏறுவதாகக் கார்த்திகை முதல் தேதியே மாலை போட்டுக்கொண்டேன். கறுப்பு வேட்டி, நெற்றியில் விபூதி சந்தனம். மச்சான் என்னைச் சாமி என்றார், நான் அவரைச் சாமி என்றேன். எத்தனையோ வருஷமாக இந்தாங்க, ஏங்க என்று கூப்பிட்டவள் எனக்கும் சாமி போட்டாள். நான் அவளை மாளிகைப்புறம் என்று கூப்பிட வேண்டும். முதல் இரண்டு நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தாள். நான் பீடியை விட்டிருந்தேன். சாயங்காலம் நேராக வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் அவள் உமியைப் பற்றிக் கேட்டாள். மாலை போட்டவன் கோழிக்கூட்டில் கை வைக்கலாமா என்று நான் திருப்பிக் கேட்டேன். கேள்வியாகத்தான் கேட்டேன், ஆனால் முகத்தைச் சட்டம் போல வைத்துக்கொண்டேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த வெற்றியோடு நான் நிறுத்தியிருக்கலாம். அடுத்த நாள், பூஜை பண்ணும்போது சுவர் வழியாகக் கோழி நாற்றம் வருகிறது, மாலை போட்ட வீட்டில் கூடும் வீடும் ஒட்டி இருக்கக் கூடாது என்றேன். எங்கே எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். அந்தச் சட்டம் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது.

அவளே கூட்டைப் பெயர்த்தாள். மனையின் கடைசியில், வடிகாலை ஒட்டிய பள்ளத்தில்தான் இடம் இருந்தது. ஒரு பக்கம் தூக்கி நகர்த்துவாள், மறுபக்கம் போய்த் தூக்கி நகர்த்துவாள். நான் விபூதியோடு பின்வாசலில் நின்று, இடதுபக்கம் கொஞ்சம் தூக்கு மாளிகைப்புறம், அங்கே கல் இருக்கிறது பார் என்று வழிகாட்டினேன். எந்த நாளையாவது திரும்பப் போய்த் திருத்தலாம் என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தால், கல்யாணத்தன்று அடித்த கூத்தைக்கூட விட்டுவிட்டு அந்தக் காலை நேரத்தைத்தான் கேட்பேன்.

உமி மூட்டையும் அவள்தான் கொண்டுவந்தாள், மினிபஸ்ஸில், கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு. ஏன் இவ்வளவு பாடுபடுகிறாள், சும்மா விட்டால் தை மாதம் தானாக முட்டை வைக்காதா என்று எனக்கு எரிச்சல். அவளுக்கு மார்கழியிலேயே முட்டை வேண்டியிருந்தது. பரங்கிப்பேட்டையில் ஒரு பாயம்மா, என் மனைவியிடம் முட்டை வாங்கும் வாடிக்கைக்காரி. அவருடைய மகளுக்கு மார்கழியில் பேறுகாலம். மருமகன் சபுரில் இருந்தார், வெளிநாட்டு வேலையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். முதல் பிரசவத்தில் அந்தப் பெண்ணுக்கு ரத்தம் நிறையப் போய், எழுந்து நடக்கவே மாதக்கணக்கு ஆகியிருந்தது. இந்த முறை பிள்ளை பெற்ற மறுநாளிலிருந்து நாற்பது நாளும் நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயில் பொரித்துக் கொடுக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு ஒரே பிடிவாதம். சந்தை முட்டை வேண்டாம், உன் கோழி என்ன தின்கிறது என்று எனக்குத் தெரியும், உன் வீட்டு முட்டைதான் வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தார். இவளும் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். பல்பும் உமியும் மஞ்சள் போட்ட வெந்நீரும் எல்லாம் அதற்குத்தான். ஒன்பதில் ஐந்து கோழியாவது விடாமல் வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. அது நான் போட்ட கணக்குகளைவிடச் சுத்தமானது.

கார்த்திகைக் கடைசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் மதியம் மச்சான் வீட்டில் பஜனையும் அன்னதானமும். நான் தொண்டை கட்டும்வரை சரணம் போட்டுவிட்டு, வடை பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு, மச்சானோடு குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பின்வாசல் திறந்திருந்தது. வடிகால் பொங்கி மனையின் கடைசிப் பக்கம் முழங்காலளவு தண்ணீர். கூடு ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. என் மனைவி தண்ணீரில் நின்று கம்பிவலையைப் பிய்த்துக் கோழிகளை ஒவ்வொன்றாக மீன்கூடைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். சேவலும் மூன்று பெட்டைகளும் ஏற்கெனவே மிதந்துகொண்டிருந்தன.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்வாசல் படிவரை வந்தாள். படியில் கால் வைக்கவில்லை. மழை அவள் தலையில் கொட்டுகிறது. கூடைக்குள் கோழிகள் கண்ணை மூடி நடுங்குகின்றன. உள்ளே ஒருபக்கம் அடுப்பு, ஒருபக்கம் என்னுடைய சாமி படம். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, உள்ள கொண்டாரட்டுமா?"

எதற்கெடுத்தாலும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வா என்று சொன்னால் சட்டம் பொய் என்று ஆகிவிடுமே என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுதான் அசிங்கம். ஒரு மூச்சு நேரம்தான், ஆனால் அவள் அந்த நேரம் முழுக்க மழையில் நின்றாள்.

மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம் பாப்பா வெளிய நிக்கிற? உள்ள எடுத்துட்டு வா" என்றார்.

மாலை போட்ட வீட்டில் கோழி கூடாதே என்று அவள் சொன்னாள்.

"எந்தச் சாமி சொன்னுச்சு? உன்னையும் கோழியையும் மழையில நிக்க வைக்கச் சொல்லி எந்த மலையில எழுதியிருக்கு?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் முகத்தில் பதில் இருந்திருக்க வேண்டும். என்னைத் தாண்டி உள்ளே போய், கூடையை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, தன் பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொரு கோழியாகத் துடைக்க ஆரம்பித்தாள். கரண்ட் இல்லை. கரி போட்டுக் குமுட்டியைப் பற்ற வைத்து நடுவில் வைத்தாள். நான் விசிறினேன்.

மறுநாள் நான் கம்பெனிக்கு லீவு சொன்னேன். தண்ணீர் வடிந்ததும் கூட்டைத் திரும்பச் சமையற்கட்டுச் சுவருக்கே கொண்டுவந்து, கீழே செங்கல் அடுக்கி உயர்த்தினேன். கறுப்பு வேட்டியும் மாலையுமாக டிவிஎஸ்ஸில் உமி மூட்டையோடு தெருவுக்குள் வந்தபோது, சாமிக்கு இந்த வருஷம் இருமுடியில் உமிதானா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வேறொரு நாளாக இருந்தால் இதைவிட நல்ல ஜோக்கை நானே சொல்லியிருப்பேன். பூண்டும் மிளகும் வெற்றிலையும் அரைத்துக் கோழிகளின் அலகைப் பிரித்து ஊட்டினேன். இரண்டு கோழி கையைக் கொத்தின. கொத்தட்டும் என்று இருந்தது.

மிஞ்சிய ஆறும் பிழைத்தன. சளி நெஞ்சில் இறங்கிக் கொர்கொர் என்று மூச்சு விட்டாலும் பிழைத்தன. முட்டை மட்டும் அடியோடு நின்றுவிட்டது. பல்பைப் போட்டோம், கம்பை முளைகட்டிப் போட்டோம், தினமும் காலையில் அவள் உமிக்குள் கையை விட்டுத் துழாவுவாள். வெறும் கையோடு எழுந்திருப்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். அதற்குப் பதில் திட்டியிருந்தால் நான் பாதி ஆறியிருப்பேன்.

மார்கழி நடுவில், பாயம்மாவின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதாகப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். சிதம்பரம் மார்க்கெட்டில் நாட்டுக்கோழி முட்டை கிடைக்கும், வாங்கி வந்து கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் யோசனை சொன்னேன். வெள்ளை முட்டையை டீத் தண்ணீரில் முக்கி எடுத்து நாட்டு முட்டை என்று விற்கிற காலம் அது. அதுவும் எனக்குத் தெரியும்.

"அவுங்க முட்டைக்கா சொன்னாங்க? எங் கோழிக்குல்ல சொன்னாங்க" என்றாள் அவள்.

பிறகு கூட்டைத் திறந்து, இருப்பதில் சளி விட்டுத் தேறியிருந்த இரண்டு பெட்டைகளை எடுத்துக் கால்களைக் கட்டினாள். அதில் ஒன்று செவலை, முன்பு விடாமல் முட்டை வைத்தது. முட்டைதான் இல்லை, பிள்ளை பெற்றவளுக்குச் சாறு வைக்கக் கோழியாவது கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்றேன். வரவேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன். கூடையை என் கையில் கொடுத்தாள்.

மினிபஸ்ஸில் மடியில் கோழிக்கூடையோடு ஒரு ஐயப்ப சாமி. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. செவலை என் வேட்டியில் இரண்டு தடவை எச்சமிட்டது.

அந்த வீட்டுப் பாயம்மா வாசலிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். "சாமி, உள்ள வராதீங்க, புள்ள பெத்த வூடு" என்று பதறி, ஒரு நாற்காலியைத் தெருவில் நிழலாகப் பார்த்துப் போட்டார். என் விரதத்தில் என்னைவிட அவருக்கு அக்கறை ஜாஸ்தி. என் மனைவி நடந்ததைச் சொன்னாள். மழையில் கோழிகள் போய்விட்டன, மற்றவை வைக்கவில்லை, கூட்டைப் பள்ளத்தில் வைத்தது தன் தப்பு என்றாள். என் பெயரையே எடுக்கவில்லை. கோழிகளுக்குக் காசு கொடுக்க வந்தபோது வாங்கவும் மறுத்துவிட்டாள்.

அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உந் தப்பு இல்லடி. மாலை போட்டிருக்கிற வூட்டுல போயி முட்டை கேட்டம் பாரு, எந் தப்பு அது. அதான் அல்லாஹ் நிறுத்திட்டான்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என் கையில் இருந்த அழுக்கைப் பார்த்துவிட்டு, ஐயோ சாமி கோழியைத் தொட்டுவிட்டீர்களே என்று அவர் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

"தொட்டா ஒண்ணும் இல்லம்மா" என்றேன். "தொடக்கூடாதுன்னு நாந்தான் பொய் சொல்லி வச்சிருந்தேன். கூட்ட பள்ளத்துக்கு அனுப்புனதும் நாந்தான்."

அவர் நான் ஏதோ தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. அந்தச் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தரையில் குத்துக்கால் இட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றிச் செவலையின் அலகுக்குக் கீழே பிடித்தாள். அது கழுத்தைத் தூக்கித் தூக்கி நிதானமாகக் குடித்தது. அடுத்ததற்கும் ஊற்றினாள். அவை குடித்து முடிக்கும்வரை நான் அழுக்குக் கையோடு பக்கத்தில் நின்றேன்.