கருங்கிடாயின் அடிவயிறு

என் கொழுந்தியாள் மகன் பிறந்து ஓரிரு நாளாகியும் வெளிக்குப் போகவில்லை. வயிறு கல்லாட்டம் உப்பிக்கொண்டது. மதுரையில் குடலின் கடைசித் துண்டை வெட்டியெடுத்து மீதியைத் தைத்தார்கள். பிள்ளை பிழைத்தால் இருக்கன்குடி ஆத்தாளுக்கு ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கருங்கிடா என்று ஆபரேஷன் அறை வாசலில் அவள் நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். இப்போது என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி உடைக்கிற அளவுக்கு நன்றாக இருக்கிறான்.

கிடா வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விருதுநகர்க் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவனுக்கு ஆடு தெரியாமல் போகுமா என்பது என் மாமனார் வீட்டாரின் நம்பிக்கை. நான் கையாண்ட ஆகப்பெரிய மிருகம் பாட்டிலில் ஊறிய தவளை என்பதை நானும் சொல்லிக்கொள்ளவில்லை. சந்தையில் எல்லோரும் பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். முதுகைத் தடவினேன். மை போலக் கறுப்பு. ஓட்டிவந்துவிட்டேன்.

கோயிலுக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், எம். புதுப்பட்டியில் கொழுந்தியாள் வீட்டு முன்னால் கிடாவை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினோம். பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருக்கும் என் சகலை அதன் முன்னங்காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அடிவயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

"சகல, இம்புட்டு வருசமா காலேஜ்ல எதைப் பாத்துக் கிளிச்சீக?"

நியாயமான கேள்வி. ஆட்டில் வெள்ளை விழுந்தால் பெரும்பாலும் அடிவயிற்றில்தான் விழும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போடுகிறவன் நான்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் வாத்தியார் புத்தி. "இது என் தப்பில்ல, செல்லோட தப்பு" என்று ஆரம்பித்தேன். கருவில் முதுகுப் பக்கம், நரம்புக் குழாயின் உச்சியில், நரம்பு முகட்டுச் செல்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. காலையில் இந்தத் தெருமுனையில் கம்பெனி வேனுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி. ஒரே கூட்டம்தான், ஆனால் தோலுக்கு அடியில் நடந்து போனது நிறமாகிறது, உள்ளே இறங்கியது நரம்பாகிறது, தலைப்பக்கம் கிளம்பியதில் ஒரு பகுதி முகத்து எலும்பாகிறது.

"ஏறுன வேனுதான் வேலையா?" என்றார் சகலை.

"அம்புட்டு லேசில்ல. பட்டாசுக்குப் போகலாமா, பிரஸ்ஸுக்குப் போகலாமான்னு ரெண்டு நெனப்பும் கொஞ்ச தூரம் உள்ளயே ஓடும். வழியில அக்கம்பக்கம் என்ன சொல்லுதோ, அதுல ஒண்ணு ஓங்கும், இன்னொண்ணு அடங்கும். அப்பத்தான் முடிவாகும். சிலது பாதியிலயே நின்னுரும். நிறத்துக்குக் கிளம்புனது முதுகுல இருந்து வயிறு வரைக்கும் இறங்கணும். இங்கன வந்து சேரல, அதான் வெள்ளை."

அத்தோடாவது நிறுத்தியிருக்கலாம். "நம்ம பயலுக்கும் இதே கூட்டம்தான். குடலுக்கு நரம்பாகக் கிளம்புனது கடைசி வரைக்கும் போய்ச் சேரல, அதான் அங்கன அடைச்சிருச்சு" என்று முடித்தேன்.

துண்டோடு நின்றிருந்த கொழுந்தியாள் நிமிர்ந்தாள்.

"அத்தான், இதுக்கும் அதேதானா?"

"அதே கூட்டம்தான்மா."

அவள் கிடாவைத் துவட்ட ஆரம்பித்தாள். காதுக்குள்ளெல்லாம் துவட்டினாள். பிறகு மெதுவாக, "இத வெட்ட வேண்டாம்" என்றாள்.

"ஏட்டி, கம்பெனி ஆளுக பூராத்தையும் கூப்பிட்டிருக்கேன். இன்னொண்ணு பிடிச்சிட்டு வாரேன்" என்றார் சகலை.

"வேண்டாம். ஒரு குறையோட பொறந்ததக் காப்பாத்துன்னுதான் ஆத்தாகிட்ட கேட்டேன். காப்பாத்திக் குடுத்தா. அவகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

சகலை என்னைப் பார்த்த பார்வையில் ஒரு லோடு வெடி இருந்தது.

மறுநாள் இருக்கன்குடியில் பயலுக்கு மொட்டை போட்டோம். கிடாவை உயிரோடு கோயிலுக்கே விட்டாள். சந்நிதியில் கண்ணை மூடி நெடுநேரம் முணுமுணுத்தாள். என்ன பேசினாள் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது, பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் நெற்றியில் கிடந்த சுருக்கம் இல்லை.

மரத்தடியில் பந்தி. சாம்பார், கத்திரிக்காய்ப் பொரியல். இலையை முன்னும் பின்னும் தேடிவிட்டு கம்பெனி ஆள் ஒருவர், "கறி எங்கண்ணே?" என்று சகலையைக் கேட்டார்.

"அந்தா பொரியல் வைக்காகள்ல, அவுகளக் கேளு. விளக்கமாச் சொல்லுவாக."

நான் அவர் இலையில் இன்னொரு கரண்டி கத்திரிக்காய் வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.