எங்களுக்காக ஒதுக்கிய மேசை

மூன்று வருடத்துக்கு முன், ஈஸ்டர் விடுமுறைக்குக் குடும்பமாக மொரீசியஸ் தீவுக்குப் போய்வந்தோம். மறக்கேலாத சங்கதி திரும்பி வந்தபிறகு, இங்கே லண்டனில், கிங்ஸ்பரியில் நடந்தது.

என்னோடு பஸ் ஓட்டிய ஒருவர் அந்தத் தீவுக்காரர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். என்றாலும் டிப்போவில் எங்கட ஆக்களோடு பழகிப் பழகி "ஓம்", "தம்பி" இரண்டையும் பிடித்துக்கொண்டவர். அவருடைய கிரியோல் மொழிக்குள்ளும் எங்கட சொல் கிடந்தது. முருங்கைக்கு முரும், கறிவேப்பிலைக்குக் கறிப்புலே. அதைச் சொல்லிச் சிரித்தே சிநேகிதமானோம். பிறகு சிறுநீரகம் பழுதாகி வேலையை விட்டுவிட்டார். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். விமானம் ஏற ஏலாது. தீவில் இருந்தது ஒரே ஒரு தங்கச்சி. அவவைப் பார்த்து ஒன்பது வருடம்.

போகமுதல், அங்கே உள்ளூர்ச் சாப்பாடு எங்கே நல்லது என்று அவரிடம் கேட்டேன். ஹோட்டலில் சாப்பிட்டால் நீ இன்னும் லண்டனில்தான் இருக்கிறாய் என்று நக்கலடித்தார். பிறகு கடதாசியில் வழி கீறித் தந்தார். தெற்குக் கரை, தேவாலயம் தாண்டி, தகரக் கூரை, நாலு மேசை. தங்கச்சியின் கடை. தக்காளியும் தைம் இலையும் போட்டு மீன் சமைப்பாவாம், பக்கத்தில் முருங்கையிலைச் சாறு வைப்பாவாம். அந்த இடத்திலேயே போன் எடுத்து, வியாழன் மத்தியானம் நாலு பேர் வருவினம் என்று அவவுக்குச் சொல்லியும் விட்டார்.

"டொக்டர் எனக்குத் தடுத்த உப்பையும் சேர்த்து நீ சாப்பிடு, தம்பி" என்றார்.

வியாழன் வந்தது. பிள்ளைகள் நீச்சல் குளத்தை விட்டு ஏறவில்லை. அந்தக் கடைக்குக் காரில் ஒன்றரை மணித்தியாலம் என்றார்கள். ஹோட்டலில் பஃபே விரிந்து கிடந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று மனிசியிடம் சொன்னேன். நாளைக்கு இன்னொரு சாட்டு. வரவில்லை என்று ஒரு போன்கூட எடுக்கவில்லை.

லண்டன் வந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கதவைத் திறந்தபடியே, "சாப்பிட்டியா?" என்றார். அந்த முகத்தைக் கண்டதும் "ஓம் அண்ணை" என்று வாயில் வந்துவிட்டது. பிறகு நிறுத்த ஏலவில்லை. உறைப்பில் வியர்த்துக் கொட்டியது என்றேன், மீன்தலையையும் விடவில்லை என்றேன். சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விழுங்குவதுபோல அவர் தொண்டை அசைந்தது.

உடனே தங்கச்சிக்குப் போன் போட்டார். சிரித்துச் சிரித்துக் கிரியோலில் கதைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு, "இரண்டாந்தரமும் சோறு கேட்டு வாங்கினியாமே, கள்ளா" என்று முதுகில் தட்டினார். வேறு யாரோ தமிழ்க் குடும்பம் அந்தக் கடைக்குப் போயிருக்கும், தப்பினேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஏழு மாதத்தில் அவர் போய்ச்சேர்ந்துவிட்டார். செத்தவீட்டுக்குத் தங்கச்சி வந்திருந்தா. நான் யாரென்று அறிந்ததும் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப் போனா. தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னா: அந்த வியாழக்கிழமை நாலு மணிவரை ஒரு மேசையை ஒருவருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாவாம். பிறகு அண்ணன் போன் எடுத்து, அவர்கள் வந்து சாப்பிட்டார்களாமே என்று சிரித்தாராம். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனையோ காலமாம். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லையாம்.

ஏசப்போறா என்று தலை குனிந்து நின்றேன். அவ கேட்டது ஒன்றுதான்.

"எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. நீங்கள் சொல்லேக்க அவரின்ர முகம் எப்பிடி இருந்தது?"

கண்ணை மூடியிருந்தார் என்றேன். விழுங்கினார் என்றேன். திரும்பவும் சொல்லச் சொன்னா. சொன்னேன். அவவுக்கு நான் கொடுத்த ஒரே உண்மை அது.

இப்போதெல்லாம் யார் சாப்பிட வரச் சொன்னாலும் எவ்வளவு களைப்பென்றாலும் போய்விடுகிறேன்; ஆனால் எத்தனை வீட்டில் கை நனைத்தாலும், போகாமல் விட்ட அந்த ஒரு மத்தியானத்துக்கு அது ஈடாகவே மாட்டேன் என்கிறது.