வெட்டுவாய்

1913ஆம் வருடம் ஆவணி 14. கடிகாரத்தில் மணி பத்தேகால். அது ஏழு நிமிடம் பின்தங்கும், ஆகவே பத்து இருபத்திரண்டு. மேற்கு மலையில் சாரல், இராஜபாளையத்தில் இளவெயில். அக்காவுக்கு நிச்சயம். கூடத்தில் நாற்பத்தொரு பேர். எனக்கு வயது ஒன்பது.

பெண்ணுக்குப் போடும் நகையை மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஆசாரியை விட்டு உரைத்துப் பார்ப்பது அன்றைய வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் காப்பு இரண்டையும் கையில் ஏந்தி, "நல்ல கனம்" என்றார். அதோடு முடிந்திருக்கும்.

"உள்ளே அம்புட்டும் காலி மாமா. கனமெல்லாம் நடுவிலே ஒரு பொட்டுக்குள்ளதான் இருக்கு" என்றேன் நான்.

பட்டணத்தில் படித்த சித்தப்பா சொல்லித் தந்தது. சீமையில் தங்கத் தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத துகள்களை எய்தார்களாம். ஏறக்குறைய எல்லாம் ஊடுருவிப் போக, அபூர்வமாக ஒன்றிரண்டு முட்டித் திரும்பினவாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரோடும் நான்கு வீதிகள் சூழ்ந்த இடம் முழுவதும் ஓர் அணு என்றால், அதன் கரு நடுவில் கிடக்கும் ஒரு கடுகு. தேரின் பாரமெல்லாம் அந்தக் கடுகில், மிச்சம் வெட்டவெளி. சொன்ன சித்தப்பா முந்தின வாரமே விருதுபட்டியில் ரயிலேறியிருந்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் காப்பைக் கீழே வைத்தார். "ஏலே, யார் சொன்னா?"

அவர் முகம் மாறியதைக் கண்டேன். நிறுத்தியிருக்கலாம். ஆனால் நாற்பத்தொரு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சித்தப்பா சொன்னாவ. எல்லாத் தங்கமும் அப்படித்தானாம்."

"ஓகோ, ஊர்த் தங்கம் அம்புட்டையும் உங்க சித்தப்பா தொளைச்சுப் பாத்துட்டாவளாக்கும்!"

கூடம் சிரித்தது. உள்ளே அரக்கை அடைத்து மேலே பொன்தகடு போர்த்திய காப்பை வாங்கி ஏமாந்தவர்களை அங்கே எல்லோரும் அறிவார்கள்.

"ஆசாரி, ஒண்ணை வெட்டும்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

அப்பா தடுக்கவில்லை. "வெட்டுங்க. பொறவு பேசுவோம்" என்றார்.

உளியில் மூன்று அடி. உள்ளும் புறமும் கெட்டித் தங்கம். "சின்னப்பய பேச்சைக் கேட்டு..." என்று மாப்பிள்ளையின் தகப்பனார் இழுத்தார். அப்பா தாம்பாளத்தைத் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார். "நகையை வெட்டிப் பாத்த வீட்டுக்கு எம்மக வரமாட்டா. போயிட்டு வாங்க."

நான் காப்பின் வெட்டுவாயில் கடுகைத் தேடிக்கொண்டிருந்தேன். காலியிடமும் இல்லை, பொட்டும் இல்லை, ஒரே மஞ்சள். சித்தப்பா பொய் சொல்லிவிட்டார் என்று அழுதேன். செய்த தப்புக்கு அழுகிறான் என்று நினைத்து யாரும் என்னை அடிக்கவில்லை. கதவருகே நின்ற அக்காவை நான் திரும்பியும் பார்க்கவில்லை.

அதன்பின் மூன்று வருடம் அவளுக்கு வரன் வரவில்லை. நான்காவது வருடம் சேத்தூரில் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். கணவருக்கு வயது நாற்பத்தாறு. என்னை அவள் ஒரு சொல் சொன்னதில்லை.

போன தை மாதம் அக்கா போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அவள் மகன் அந்தக் காப்பைக் கொண்டுவந்தான். "அம்மா இதை ஒட்டவே விடல மாமா. மகளுக்குப் போடணும், நீங்க ஒட்டிக் குடுங்க."

கடையில் ஆசாரி வெட்டுவாயைத் திருப்பிப் பார்த்தார். "கெட்டியாத்தானே இருக்கு, எதுக்கு வெட்டினாவ?"

கூலியைக் கேட்டேன். ஒட்டுக்கூலி இரண்டு ரூபாய் ஆறணா.