லவீனா கீறிய நான்காவது ஆள்

குருநகர் கனிசியஸ் கடலுக்குப் போய்த் திரும்பாத வருசம்தான் அவருடைய ஒரே மகள் லவீனா பல்கலைக்கழகம் போனாள். கணினி படித்தாள். கொழும்பில் நல்ல வேலை கிடைத்தும், தாய் சின்னத்தங்கத்தைத் தனியே விட மனமில்லாமல் யாழ்ப்பாணத்திலேயே ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள்.

மென்பொருளை எழுதத் தொடங்குமுன் அதை யார் பாவிப்பார்கள், எதற்குப் பாவிப்பார்கள் என்று கேட்டறிந்து யூஸ் கேஸ் படம் கீறுவது அவளுடைய வேலை. நடுவில் ஒரு பெட்டி. அதற்குள் நீள்வட்டங்கள்; ஒவ்வொன்றும் ஒரு காரியம். பெட்டிக்கு வெளியே குச்சி மனிதர்கள். யாருக்கு எந்தக் காரியமோ, அதற்கு ஒரு கோடு. படத்தில் இல்லாத ஆளுக்கு மென்பொருளிலும் இடமில்லை.

போன வைகாசியில் அவளுடைய தகப்பன் இருந்த கடற்றொழிலாளர் சங்கமே நிறுவனத்தைத் தேடி வந்தது. படகுகள் போவதையும் வருவதையும் போனில் பதிய வேண்டுமாம். தலைவர் நீக்கிலாப்பிள்ளை சொல்லச் சொல்ல லவீனா மூன்று பேரைக் கீறினாள்: படகோட்டி, சங்கக் காரியதரிசி, மீன் வியாபாரி. 'படகு புறப்பட்டது', 'படகு கரை சேர்ந்தது' என்று எழுதியவளின் பேனை நின்றது.

"படகு கரை சேராட்டி, மாமா?"

நீக்கிலாப்பிள்ளை மேசையைப் பார்த்தார். "அது எப்பவாவது நடக்கிறதுதானே, பிள்ளை."

ஒன்பது வருசத்துக்கு முன் அது நடந்தபோது சங்கத்தில் இருந்தவரும் அவர்தான். விடியவே வந்துவிடும் கனிசியஸைக் காணவில்லை என்று சின்னத்தங்கம் ஒன்பது மணிக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். "மிசின் பழுதாயிருக்கும். மத்தியானம் வரை பாப்பம்," என்றார். தேடப் படகுகள் புறப்பட்டபோது பின்னேரம் மூன்று மணி. மறுநாள் வெறும் படகுதான் கிடைத்தது.

லவீனா தன் நிறுவனக் கந்தோருக்கு வந்து நான்காவதாக ஓர் ஆளைக் கீறினாள். 'வீட்டில் இருப்பவர்' என்று கீழே எழுதினாள். அந்த ஆளிலிருந்து ஒரு கோடு: 'இன்னும் வரவில்லை என்று அறிவித்தல்.' அறிவித்த உடனே பக்கத்துப் படகுகளுக்கெல்லாம் செய்தி போகும்.

மேலாளர் வாகீசனுக்கு அது பிடிக்கவில்லை.

"அவை கேக்காததை ஏன் கீறினனீர்? அழிச்சுவிடும்."

"கேக்கத் தெரியாமல் இருந்திருப்பினம், அண்ணை."

அவள் அழிக்கவில்லை. அடுத்த கூட்டத்தில், வாகீசனும் பக்கத்தில் இருக்க, அந்தப் படத்தையே மேசையில் விரித்தாள். நீக்கிலாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கோடாய் விரலால் தொட்டு வந்தார். நான்காவது ஆளில் விரல் நின்றது.

"இது ஆர், பிள்ளை?"

"அம்மா."

நீக்கிலாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் அண்டைக்கு உடனை படகு விட்டிருக்கவேணும்," என்றார் அவர். ஒன்பது வருசத்தில் அதைப் பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பிறகு வாகீசனைப் பார்த்து, "இது இருக்கட்டும், தம்பி," என்றார். வாகீசன் தலையாட்டினான்.

ஐப்பசியில் மென்பொருள் பாவனைக்கு வந்தது. வீட்டிலிருந்து கடலுக்குப் போக இப்போது ஒருவரும் இல்லை. என்றாலும் லவீனா தாயின் போனிலும் அதைப் போட்டுக் காட்டினாள். சின்னத்தங்கம் 'இன்னும் வரவில்லை' என்றிருந்த சிவப்புப் பொத்தானை அமத்தாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது அண்டைக்கு இருந்திருந்தா அப்பா வந்திருப்பாரோ?"

படம் கீறிய நாளிலிருந்து லவீனா தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"தெரியாது, அம்மா."

"ஓம்," என்றாள் சின்னத்தங்கம். "நானும் ஆறு மணிக்கே போயிருக்கவேணும். ஆக்களைக் கரைச்சல்படுத்தக்கூடாதெண்டு ஒன்பது மணிவரை இருந்திட்டன்."

இத்தனை வருசமாய் லவீனா நீக்கிலாப்பிள்ளையை மட்டும்தான் மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தாள். தாய் தன்னையே ஏசிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. போனை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டுத் தாயின் கையைப் பிடித்தாள்.